லயங்களில் பிறந்த லயம்: ஊவாத் தோட்டங்களில் மனத்தால் இசையமைத்தவர்கள்

2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் திகதி இலண்டனின் அப்பலோ அரங்கில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. இசைத்தவர்கள் றோயல் பில்ஹார்மோனிக் குழுவினர். அந்தப் படைப்பு முழுவதையும் ஏறத்தாழ ஐந்து வாரங்களில் எழுதி முடித்ததாக இளையராஜா கூறியிருந்தார். அன்றிலிருந்து ஒரு கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒரு வாத்தியத்தையும் தொடாமல், காகிதத்தையும் பேனாவையும் மட்டும் வைத்துக்கொண்டு, வயலின்களுக்கும் குழல்களுக்கும் கொம்புகளுக்கும் முரசுகளுக்கும் தனித்தனியாக ஒருவரால் எப்படி எழுத முடிகிறது? அத்தனை வாத்தியங்களும் அவருக்கு எங்கே கேட்கின்றன?

மனத்திலே கேட்கின்றன என்பதே சுருக்கமான விடை. இந்த ஆற்றலைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் உடனே வியன்னாவுக்கும் பாரிசுக்கும் போய்விடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் நான் பிறந்து வளர்ந்த பதுளைப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களிலும் இதே ஆற்றல் ஒன்றரை நூற்றாண்டு காலம் பயன்பட்டு வந்திருக்கிறது. அதற்கு யாரும் இசையமைப்பு என்று பெயரிடவில்லை. அதைச் செய்தவர்களின் பெயர்களும் எங்கும் பதியப்படவில்லை. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

கேட்காத செவியும் தொடாத விரலும்

முதலில் மேற்கைப் பார்த்துவிடுவோம். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி 1824 மே 7ஆம் திகதி வியன்னாவில் அரங்கேறியபோது அவர் செவிப்புலனை ஏறத்தாழ முற்றாக இழந்திருந்தார். சபையின் கரவொலி அவருக்குக் கேட்கவில்லை என்றும், பாடகி ஒருத்தி அவரைச் சபையின் பக்கம் திருப்பிவிட்ட பிறகே அவர் அதைக் கண்ணால் கண்டார் என்றும் வரலாறு சொல்கிறது. நான்கு தனிக்குரல்கள், ஒரு பெரிய பாடகர் கூட்டம், முழு வாத்தியக் குழு ஆகிய அனைத்தையும் அவர் தம் உள்ளத்தில் மட்டுமே கேட்டு எழுதினார்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் இன்னொரு வகை. அவருக்குக் காது நன்றாகக் கேட்டது. ஆனால் பியானோ வாசிக்கத் தெரியாது. கிற்றாரும் புல்லாங்குழலும் மட்டுமே அவர் கைப்பழக்கம். பியானோ தெரியாததைப் பெரும் குறையாகப் பலர் கருதினர். அவரோ விரல்களின் பழக்கத்துக்குத் தம் சிந்தனை அடிமையாகாமல் அதுவே காப்பாற்றியது என்று தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். ஒவ்வொரு வாத்தியத்தின் இயல்பையும் நிறத்தையும் விளக்கி அவர் 1844இல் வெளியிட்ட நூல் இன்றளவும் இசை மாணவர்கள் படிக்கும் பாடநூலாக இருக்கிறது.

விஞ்ஞானமும் இதைப் பின்னர் தொட்டது. ஒரு வாத்தியத்தின் ஒலியைக் காதால் கேட்கும்போதும் மனத்தால் கற்பனை செய்யும்போதும் மூளையில் நிகழ்வது என்ன என்று ஆன்ட்ரியா ஹால்பெர்ன், றொபேர்ட் சட்டோர் முதலிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டனர். வாத்தியங்களின் ஒலி வேறுபாடுகளைக் கற்பனையில் ஒப்பிட்டவர்களின் தீர்ப்பு, காதால் கேட்டு ஒப்பிட்டவர்களின் தீர்ப்பை ஒத்திருந்தது. கற்பனை செய்யும் வேளையிலும் மூளையின் கேட்டல் பகுதி ஒன்று வேலை செய்தது. எனவே 'மனத்துக்குள் கேட்பது' என்பது வெறும் உவமையன்று. உடல் செய்யும் ஒரு வேலை.

அந்த வேலைக்கு முதலீடு ஒன்றுதான்: முன்பு காதால் கேட்டிருக்க வேண்டும். கேட்காத வாத்தியத்தை ஒருவராலும் கற்பனை செய்ய முடியாது. ஆகவே ஒரு சமூகத்தின் இசைக் கற்பனையை அறிய வேண்டுமானால், அதன் காதுகளில் எந்தெந்த ஒலிகள் விழுந்தன என்று பார்க்க வேண்டும்.

கடலைக் கடந்து வந்த தப்பு

ஊவாவின் மலைகளில் முதலில் பயிரிடப்பட்டது கோப்பி. 1869இல் கோப்பிச் செடியின் இலைநோய் முதன்முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் ஒன்று மடுல்சீமை என்பதைப் பதுளைக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு மேலேயுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1924இல் ரயில் பாதை பதுளையை எட்டியது. இந்த உழைப்பு முழுவதற்கும் ஆள் வந்தது தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலரைப் பலி கொடுத்து அவர்கள் மலையேறினார்கள்.

அப்படி வருகிறவன் எந்த வாத்தியத்தைத் தூக்கிவர முடியும்? நாதஸ்வரமும் தவிலும் கோயிலையும் கொடையாளியையும் சார்ந்தவை. அவை தோட்டங்களில் கோயில்கள் எழுந்த பிறகே வந்தன. தப்பு அப்படியன்று. ஒரு மரவளையமும் ஒரு தோலும் இரண்டு குச்சிகளும் போதும். தோளில் மாட்டிக்கொண்டு நாள்கணக்கில் நடக்கலாம். கிழிந்தால் மலையிலேயே இன்னொன்று செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் பறை என்றும் தப்பு என்றும் அறியப்படும் அக்கருவி மலையகத்தில் தப்பு என்ற பெயராலேயே நிலைத்தது.

தோட்ட நிர்வாகம் அதற்கு ஒரு புதிய வேலையைக் கொடுத்தது. விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் 'பிரட்டுக் களத்துக்கு' வரச்செய்ய அதிகாலையில் தப்பு அடிக்கப்பட்டது. சில தோட்டங்களில் கொம்பு ஊதப்பட்டது. தெய்வத்தை அழைக்கவும் இறந்தவரை வழியனுப்பவும் பயன்பட்ட கருவி துரையின் கடிகாரமாக மாறியது. மலையகத்தின் மூத்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட வாழ்வைப் பாடிய ஆங்கிலக் கவிதை நூலைத் தப்பின் துடிப்போடும் விடியலோடும் தொடங்கியது தற்செயலன்று. அந்த ஒலியை அறியாத தோட்டக் குழந்தை இருந்ததில்லை.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். ஒரே கருவி வேலைக்கு, சாமிக்கு, சாவுக்கு, கூத்துக்கு என்று வெவ்வேறு விதமாக அடிக்கப்பட்டது. படுக்கையில் கிடந்தபடியே, அடியை மட்டும் கேட்டு, இன்ன காரியம் என்று லயத்தில் இருப்பவர்கள் அறிந்துகொண்டார்கள். லயம் என்பது தோட்டப் பேச்சில் தொழிலாளர் குடியிருக்கும் நீண்ட வரிசை வீடு. ஆங்கிலத்தில் 'லைன்' என்றது மக்கள் வாயில் லயமாயிற்று. இசையில் தாளத்தின் ஓட்டத்துக்கும் அதே சொல்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்த அந்த வரிசை வீடுகளின் மெல்லிய சுவர்களுக்கு ஒரு பக்கத்து ஒலி மறுபக்கம் போகாமல் தடுக்கும் வலு இல்லை. ஒரு வீட்டுத் தாலாட்டை அடுத்த வீட்டுக் குழந்தையும் கேட்டது. ஒரு வீட்டு ஒப்பாரியை வரிசை முழுவதும் கேட்டது. காதுப் பயிற்சிக்கு அதைவிட நெருக்கமான பள்ளி வேறில்லை என்று கசப்போடு சொல்லலாம்.

வாயில் இருக்கும் வாத்தியம்

காகிதத்தில் எழுதாதவர்கள் வாத்திய ஒலியை எதில் சேமித்து வைத்தார்கள்? வாயிலே வைத்தார்கள். தென்னாட்டுத் தாள மரபு முழுவதும் சொற்கட்டின் மேல் நிற்கிறது. அடிக்க வேண்டிய ஒவ்வொரு அடிக்கும் ஓர் ஓசை உண்டு. கையால் அடிக்குமுன் வாயால் சொல்லிப் பழக வேண்டும். மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் இருக்கும் இந்த முறை தப்புக்கும் உண்டு. தோட்டத்துக்குத் தோட்டம் ஓசைகள் மாறலாம், முறை ஒன்றே.

இதில் பதுளைக்கு ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது. பதுளை நகரின் நடுவே முதியங்கனை விகாரை நிற்கிறது. அதன் பெரஹர ஊர்வலத்தில் கண்டிய மத்தளமான 'கெட பெர' முழங்கும். அந்த மரபிலும் வாய்ப்பாடமே அடிப்படை. தத், ஜித், தொங், நங் என்னும் நான்கு ஓசைகளிலிருந்து அதன் பாடம் முழுவதும் விரிகிறது. சிங்கள மாணவன் ஒருவன் அந்த நான்கைச் சொல்லத் தொடங்குவதும், தோட்டத்துச் சிறுவன் ஒருவன் தப்பின் அடியை வாயால் சொல்லித் திரிவதும் ஒரே கல்வி முறையின் இரு கிளைகள். இரு இனங்களும் ஒன்றையொன்று ஐயத்தோடு பார்த்த காலங்களிலும் அந்த ஒலிகள் ஒரே பள்ளத்தாக்கில் கலந்துதான் கேட்டன. ஊவாத் தோட்டத்தவன் காதில் தப்பு மட்டும் விழவில்லை. கோயில் நாதஸ்வரம், பெரஹர மத்தளம், தேவாலயத்து ஆர்மோனியம், பின்னாளில் கிராமபோனும் வானொலியும் என்று எல்லாமே விழுந்தன.

பல வாத்தியங்கள் எந்த ஒழுங்கில் சேர வேண்டும் என்ற சிந்தனையும் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியின் ஆடலுக்கு எந்தக் கருவி எதைப் பின்பற்றி ஒலித்தது என்பதை வரிசையாகச் சொல்கிறது. குழலாசிரியனுக்கும் யாழாசிரியனுக்கும் தண்ணுமை ஆசிரியனுக்கும் என்னென்ன தகுதி வேண்டும் என்றும் வகுத்துரைக்கிறது. எழுதி வைத்த மரபில் இது இலக்கணமாயிற்று. எழுதாத மரபில் அது கூத்துக் களத்தில் வாழ்ந்தது.

காமன் கூத்து என்னும் எழுதாத ஏடு

மலையகத்தின் பெருங்கூத்துகள் மூன்று: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். இவற்றுள் தோட்டந்தோறும் வேரூன்றியது காமன் கூத்துத்தான். மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றப்படும். நாள்தோறும் இரவில் பாட்டும் ஆட்டமும் நடக்கும். இறுதி நாள் இரவு முழுவதும் கதை நிகழும். சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதன், தடுக்கும் ரதி, நெற்றிக்கண்ணின் நெருப்பு, ரதியின் புலம்பல், மன்மதன் மீண்டெழுதல் என்று அது போகும். இதற்கெல்லாம் இசை தப்பே.

பல ஆண்டுகளுக்கு முன்பு பசறைப் பக்கத் தோட்டமொன்றில் ஓர் இறுதி இரவை இருந்து பார்த்தேன். கூத்து தொடங்குமுன் நெருப்பு மூட்டித் தப்புகளைக் காய்ச்சினார்கள். தோல் இறுகினால்தான் ஒலி எழும். அந்த இடைவேளையில் தப்புக்காரர்களின் தலைவர், எழுபதைத் தாண்டியவர், வெறுங்கையோடு அமர்ந்திருந்தார். வாயால் அடிகளைச் சொன்னார். மற்றவர்கள் தொடையில் தட்டி ஏற்றுக்கொண்டார்கள். ஒரு தப்புக்காரர் அன்று வரவில்லை. அவருடைய அடியை இவர்களில் யார் எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது, ரதி புறப்படும்போது எந்தத் தப்பு அடங்க வேண்டும், வீரபத்திரன் வரும்போது எது முந்த வேண்டும் என்று அவர் பங்கிட்டார். ஒரு தோலும் இன்னும் அடிக்கப்படவில்லை. ஆனால் அன்றைய இரவின் இசை முழுவதும் அவருக்கு ஏற்கெனவே கேட்டிருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

"ஆள் குறைஞ்சா அடியும் குறையும்னு நெனைக்காதீங்க தம்பி. குறையிற எடம் எங்கேன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

இதை இசையமைப்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? இல்லாத ஒரு கருவியின் ஒலியை மனத்தில் கேட்டு, இருக்கும் கருவிகளிடையே அதைப் பகிர்ந்தளித்தல் என்பது எந்த வாத்தியக் குழுவுக்கும் எழுதுபவர் செய்யும் வேலைதான். வேறுபாடு காகிதத்தில் மட்டுமே இருக்கிறது.

'இன்ன மெட்டு' என்ற குறிப்பு

காகிதம் தோட்டத்துக்கு வராமலில்லை. வேறு வடிவில் வந்தது. கோ. நடேசய்யர் 1920இல் இலங்கைக்கு வந்து, பத்திரிகையாளராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் மலையகத் தொழிலாளரைத் திரட்டினார். அவர் மனைவி மீனாட்சி அம்மை தொழிலாளரின் துயரங்களைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். அப்பாடல்கள் 1940இல் சிறு நூலாகவும் வெளிவந்தன. அக்காலப் பாட்டுப் புத்தகங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டின் தலைப்பில் மக்கள் அறிந்த இன்னொரு பாட்டின் முதலடியைத் தந்து, 'என்ற மெட்டு' என்று குறிப்பார்கள். ஸ்வரம் இல்லை, தாளக் குறிப்பு இல்லை.

இந்த ஒற்றை வரியின் வேலையை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. அந்தப் புத்தகத்தைக் கையில் எடுப்பவன், எங்கோ கிராமபோனிலோ நாடகக் கொட்டகையிலோ கேட்ட பாட்டை ஆர்மோனியத்தோடும் மிருதங்கத்தோடும் மனத்தில் எழுப்பிக்கொள்ள வேண்டும். பிறகு புதிய சொற்களை அதன் மேல் ஏற்ற வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவன் லயத்து வாசலில் இருந்து வாசித்தால் போதும். சுற்றியிருப்பவர்களின் நினைவே வாத்தியக் குழு.

அது விளையாட்டான காலமன்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அதே ஆண்டில் ஊவாவின் வேவெஸ்ஸத் தோட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியின் தலைமையில் வேலைநிறுத்தம் நடந்தது. துரையின் அனுமதியின்றி வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத நாட்களில், பாட்டு மட்டுமே சோதனையின்றி உள்ளே போய்வந்தது. மனத்தில் வைத்துக்கொண்டு போகும் வாத்தியத்தை எந்தக் காவற்காரனும் பறிமுதல் செய்ய முடியாது.

இன்னொரு மலை, இன்னொரு தோட்டம்

கடலுக்கு அப்பால், கேரளத்தின் தேவிகுளம் மலைகளிலும் தமிழ்த் தொழிலாளர் தேயிலை பறித்தனர். 1958இல் அங்கே இடைத்தேர்தல் வந்தது. கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டந்தோறும் பாடியவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். மக்கள் அறிந்த மெட்டுகளில் தொழிலாளரின் கதையை ஏற்றிப் பாடினார். மீனாட்சி அம்மை இங்கே செய்ததை அவர் அங்கே செய்தார். அவருடைய குழுவில் சேர்ந்து ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகச் சென்ற இளைய தம்பியே பின்னாளில் இளையராஜா ஆனார்.

அவர் 1968இல் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையெழுத்தைக் கற்றார். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தது. பாடலையும் பின்னணி இசையையும் எந்த வாத்தியத்தையும் துணைக்கொள்ளாமல் நேரே தாளில் எழுதிக் கொடுத்துவிடும் அவர் வழக்கத்தைத் திரையுலகில் அறியாதவர் இல்லை. தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய 'ஹவ் டு நேம் இட்' 1986இலும், புடாபெஸ்ட் இசைக்குழு பங்கேற்ற 'திருவாசகம்' 2005இலும் வந்தன. அவருடைய மேதைமை அவருக்கே உரியது. அதைப் பிறருக்குப் பங்கிட நான் முயலவில்லை. ஆனால் அவர் எழுதக் கற்றுக்கொள்வதற்கு முன்பே கேட்கக் கற்றிருந்தார் என்பதும், அந்தப் பள்ளிகளில் ஒன்று தேயிலைத் தோட்டம் என்பதும் வரலாறு.

ஊவாவின் லயங்களுக்கு 'அன்னக்கிளி' இலங்கை வானொலி வழியாக வந்து சேர்ந்தது. ஒரு லயத்துக்கு ஒரு வானொலிப் பெட்டி இருந்தால் பெரிது. அதைச் சுற்றிக் கூடியவர்கள் பாட்டை ஒருமுறை, இரண்டுமுறை கேட்பார்கள். மறுநாள் கொழுந்து பறிக்கும் மலையில் பாட்டின் வரிகளோடு இடையில் வரும் குழலையும் வயலினையும் வாயாலேயே இசைப்பதை நான் கேட்டு வளர்ந்தேன். பதிவு செய்து வைக்கும் வசதியற்ற காதுகள் ஒன்றையும் தவறவிடுவதில்லை.

ஒப்பாரிக் கோச்சியில் போனவை

தாளில் எழுதுவதற்கும் மனத்தில் வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு, இழப்பு வரும்போதுதான் தெரிகிறது. பீத்தோவன் இறந்தார், தாள் இருந்தது. தோட்டத்தில் ஆள் போனால் எல்லாம் போயிற்று.

ஆட்கள் போனார்கள். 1947இல் பதுளைத் தொகுதி இலங்கை இந்தியன் காங்கிரசின் எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்து வந்த சட்டங்களும் அந்த வாக்காளர்களின் நாட்டையும் வாக்கையும் பறித்தன. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. மலையகத்து நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டார்கள். ஏறியவர்களும் நின்றவர்களும் சேர்ந்து அழுத அழுகையே அந்தப் பெயருக்குக் காரணம்.

அந்த ரயில்களில் எத்தனை கூத்துக் குழுக்கள் உடைந்தன என்று எந்தத் திணைக்களமும் எண்ணவில்லை. தப்புக்காரர் நீலகிரிக்குப் போனார். ரதி வேடம் கட்டியவர் இங்கேயே நின்றார். அண்ணாவியார் ஒரு கரையில், பாட்டறிந்தவர் மறுகரையில். பசறைக் கிழவர் சொன்னது போலக் குறைகிற இடம் எங்கே என்று அறிந்தவர் இருந்தவரை கூத்து நடந்தது. அந்த அறிவும் போன இடங்களில் கம்பம் ஊன்றுவதே நின்றுபோயிற்று.

சாதியின் பூட்டு

இரண்டாவது இழப்புக்கு அரசுகளைக் குற்றம் சொல்ல முடியாது, அது நம்முடையது. தப்பு அடிப்பது குறிப்பிட்ட சாதியாரின் கடமை என்று ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கத்தைத் தோட்டத்திலும் நாம் காப்பாற்றினோம். எல்லாரும் ஒரே லயத்தில் குடியிருந்து, ஒரே மலையில் கொழுந்து பறித்து, ஒரே சம்பளம் வாங்கினோம். சாவு வீட்டில் மட்டும் ஒருவர் வெளியே நின்று அடிக்க வேண்டும். அந்தக் கலைஞரைக் கலைஞரென்று அழைக்க நமக்கு நூற்றைம்பது ஆண்டுகள் போதவில்லை. ஆதலால் படித்த இளைஞர்கள் தந்தையின் தப்பைத் தொட மறுத்தார்கள். அவர்கள் மறுத்தது முற்றிலும் நியாயம். அவமானத்தை அடையாளமாகச் சுமக்கும்படி யாரும் யாரையும் கேட்க முடியாது.

தமிழ்நாட்டில் அந்தப் பூட்டு சற்றே திறந்திருக்கிறது. தலித் இயக்கங்களும் கலைக்குழுக்களும் பறையை விடுதலையின் கருவியாக மேடையேற்றின. பெண்களும் கல்லூரி மாணவர்களும் கற்கிறார்கள். 2025இல் மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மலையகத்திலும் இளைஞர் சிலர் சாதி பாராமல் தப்பைக் கையிலெடுக்கிறார்கள். 2023இல் மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை முன்னோர் நடந்த வழியில் நடைபயணம் சென்றார்கள். நடந்து வந்த பாதையை நினைவுகூர்ந்த நாம், அந்தப் பாதையில் கூடவே வந்த ஒலியையும் நினைவில் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியது

சில கூத்துகள் இப்போது கைப்பேசியில் படமாக்கப்படுகின்றன. நல்லதே. ஆனால் கூத்து இரவைப் படமெடுத்தால் கிடைப்பது அன்று ஒலித்தது மட்டும். தலைவர் மனத்தில் கேட்டது அதில் இராது. ஐந்து தப்புக்கு உரியதை மூன்றில் எப்படி அடித்தார், எதை ஏன் விட்டார், இன்ன பாத்திரத்துக்கு இன்ன அடி என்று எப்படி முடிவு செய்தார் என்பவற்றைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். ஆகவே முதலில் பதிய வேண்டியது வாய்ப்பாடம். கருவியைக் கீழே வைக்கச் சொல்லி, அடிகளைச் சொல்லச் சொல்லி, ஒவ்வொரு பங்கையும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். பிறகே கருவியோடு சேர்த்துப் பதிய வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டப் பாடசாலைகள் இருக்கின்றன. நீலகிரியிலும் கூடலூரிலும் போய்க் குடியேறிய ஊவாக் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே ஒருவர் நினைவில் இருப்பது இங்கே மறந்துபோன பங்காக இருக்கக்கூடும். இரு கரைகளையும் சேர்த்துக் கேட்டால் உடைந்த குழுவொன்றின் இசையை மீண்டும் கட்ட முடியும்.

கணினியில் இன்று எந்த வாத்தியத்தின் பெயரைத் தட்டினாலும் அதன் ஒலி உடனே கேட்கிறது. இசையமைப்பவருக்கு அது பெரும் வசதி. அதேவேளை கேட்காத ஒலியை மனத்தில் எழுப்பும் பழக்கம் அதனால் தளர்கிறது. அந்தப் பழக்கம் வறுமையிலும் எவ்வளவு தூரம் வளர முடியும் என்பதற்கு எங்கள் தோட்டங்களின் கூத்துத் தலைவர்கள் சான்று. அவர்களில் எஞ்சியிருப்போர் முதியவர்கள். வரும் மாசியில் கம்பம் ஊன்றப்படும் தோட்டங்களில் உங்களுக்கு உறவினர் இருந்தால், கூத்து தொடங்கும் நேரத்துக்குப் போகாதீர்கள். ஒரு மணி நேரம் முன்பே, தப்புகளைக் காய்ச்சும் நெருப்பண்டை போய் அமருங்கள். தலைவரின் பெயரைக் கேட்டு, முழுப் பெயராக எழுதிக்கொள்ளுங்கள்.